இருநூற்று நாற்பத்தெட்டு

2018 அக்டோபரில் தாமிரபரணிக் கரையில் கால் வைக்க இடமில்லை. பாபநாசத்திலிருந்து ஆறு கடலில் சேரும் புன்னைக்காயல் வரை படித்துறைக்குப் படித்துறை ஜனம் முங்கி எழுந்தது. குரு விருச்சிக ராசிக்குள் நுழைந்தால் தாமிரபரணிக்குப் புஷ்கரம். சரி, குரு எந்த நாளில் நுழைந்தார்? அக்டோபர் 4 என்றது வாக்கியப் பஞ்சாங்கம். அக்டோபர் 11 என்றது திருக்கணிதப் பஞ்சாங்கம். புஷ்கர விழா பின்னால் வந்த தேதியை ஒட்டித் தொடங்கியது. வானத்தில் இருப்பது ஒரே குரு. காகிதத்தில் அவருக்கு ஏழு நாள் வித்தியாசம்.

எது சரி என்ற சண்டை ஊரில் ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் நடக்கிறது. எனக்கு அதைவிட வேறொரு கேள்வி பெரிதாகப் பட்டது. ஒரு பஞ்சாங்கத்துக்கு ஏன் 'வாக்கியம்' என்று பெயர்? கணக்குக்கும் வாக்கியத்துக்கும் என்ன உறவு? அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஓர் எண்ணில் போய் நிற்கிறோம். 248. குருவின் கணக்குக்கு வேறு எண்கள் உண்டு. இது நிலாவின் எண். திதியும் நட்சத்திரமும் கிரகணமும் இதிலிருந்துதான் பிறக்கின்றன. இந்த எண் எங்கே பிறந்து, எந்த வழியாக நம் ஊர்ப் பஞ்சாங்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது என்பதும், இன்று தத்துவக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கேள்வியை அது எப்படித் தன்னோடு சுமந்து வந்தது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த எண்ணின் உடம்பைப் பார்த்துவிடுவோம். நிலா ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்குப் பக்கத்தில் வரும்போது ஒரு நாளில் 15 பாகைக்கு மேல் ஓடும். தள்ளிப் போகும்போது 12 பாகைக்கும் கீழே தளர்ந்துவிடும். வேகத்திலிருந்து தளர்ச்சிக்குப் போய் மறுபடி அதே வேகத்துக்குத் திரும்ப 27.55 நாள் சொச்சம் பிடிக்கிறது. இந்தச் சொச்சம்தான் தொல்லை. முழு நாளாக இருந்தால் ஒரு சுற்றுக்கு ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு காலமெல்லாம் அதையே திருப்பிப் பார்க்கலாம். ஆனால் ஒன்பது சுற்றைச் சேர்த்துப் பாருங்கள்: 247.99 நாள். ஏறக்குறைய முழுசாக 248. ஆக, 248 நாளுக்கு நிலாவின் இருப்பைக் குறித்து வைத்துவிட்டால், 249-ஆம் நாளில் நிலா மறுபடி முதல் நாளின் நடையைத் தொடங்கும். தொடங்கும் இடம் மட்டும் சுமார் 27 முக்கால் பாகை தள்ளியிருக்கும்; அதைக் கூட்டிக்கொண்டால் போதும். மிச்சமிருக்கும் சிறு பிசகும் தொந்தரவு செய்தால் 3,031 நாளுக்குப் போகலாம். அதில் 110 சுற்று, துண்டு விழாத குறையாக அடங்குகிறது.

இதைக் கண்டவர்கள் நம் ஆட்கள் இல்லை. கி.மு. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளில் பாபிலோன் நாட்டில் களிமண் பலகையில் ஆப்பு எழுத்தால் கணக்கெழுதியவர்களிடம் 248 இருந்தது. பிறகு அது கிரேக்கத்துக்குப் போனது. ரோமானியர் ஆண்ட எகிப்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஏடு ஒன்றில் 248-ம் 3,031-ம் ஜோடியாக இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பஞ்சசித்தாந்திகையில், வசிட்டர் பெயரால் வழங்கும் பகுதியில் இதே ஜோடி. களிமண், கோரைத் தாள், பனையோலை என்று உடம்பை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. எல்லாம் நம்மிடமிருந்தே புறப்பட்டது என்று சொல்லிக்கொள்வதில் இப்போது பலருக்கு ஆசை. சம்ஸ்கிருதம்தான் கணினிக்கு ஏற்ற மொழி என்று நாசா சொல்லிவிட்டது என்ற வதந்திகூட இந்த ஆசையில் முளைத்ததுதான். 248-க்கு அந்தப் பெருமை தேவையில்லை. அது விருந்தாளியாக வந்தது. வந்த இடத்தில் அதற்குக் கிடைத்த வாழ்வு வேறெங்கும் கிடைக்கவில்லை. அதைச் சொன்னாலே போதும்.

தெற்கே வந்ததும் எண் சொல்லாயிற்று. கேரளத்திலும் தமிழகத்திலும் கடபயாதி என்றொரு முறை உண்டு. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம். 'தேவர' என்ற சொல்லில் தே எட்டு, வ நாலு, ர ரெண்டு. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. 'காலாநல' என்றால் ஒன்று, மூன்று, சுழியம், மூன்று. திருப்பிப் படித்தால் 3,031. இப்படியே 248 நாளுக்கும் நிலாவின் இருப்பைப் பாகை, கலையாக (கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) கணித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு தொடராகக் கட்டினார்கள். அந்தத் தொடர்தான் வாக்கியம். 248 வாக்கியங்களையும் வரருசி செய்தார் என்பது மரபு. சந்திர வாக்கியம் என்று பெயர்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. 'தேவர' என்பதில் வரும் த, சம்ஸ்கிருதத்தின் நாலு தகரங்களில் மூன்றாவது. அதனால் எட்டு. முதலாவதாக இருந்தால் ஆறு, நாலாவதாக இருந்தால் ஒன்பது. தமிழ் எழுத்தில் நாலுக்கும் ஒரே 'த'தான். ஏட்டைக் கிரந்தத்தில் எழுதினால் வித்தியாசம் தெரியும். தமிழில் எழுதிவிட்டால் காதில் கேட்டுப் படித்தவனுக்குத்தான் தெரியும். உச்சரிப்புத் தவறினால் நிலா இடம் மாறிவிடும். பாடம் சொன்ன வாத்தியார்கள் ஏன் பிரம்பை எடுத்தார்கள் என்று புரிகிறது.

கேரளத்துக் கணக்கு மலையைத் தாண்டி வருவதற்குத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு தயாராகவே இருந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சரக்கு வந்தது, ஆள் வந்தார்கள், ஆண்டும் வந்தது. கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டைத் திருநெல்வேலிச் சீமை தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. நம் பக்கத்துக் கல்வெட்டுகளிலும் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு போட்டிருப்பதைப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளுக்குச் சித்திரையில் ஆண்டு பிறக்க, இந்தக் கணக்கில் ஆவணியில் பிறக்கும். பொதிகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலத்தை ஒரே கயிற்றால் அளந்தவர்கள் நாம்.

இனி 1825-க்கு வருவோம். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, சென்னை வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பேற்று நடத்தியவர். தென்னிந்தியர்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளை எல்லாம் தொகுத்து 'கால சங்கலிதம்' என்ற பெரிய நூலை அந்த ஆண்டு சென்னையில் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். வாரனின் எழுத்துக்கூட்டலை நம் வாயில் சொல்லிப் பார்த்தால் சாமிநாதன் சேஷய்யா என்று வருகிறது. 1825 மே 31 இரவு தொடங்கும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொன்னார். சேஷய்யா காகிதம் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார்.

ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன்னால் இதே புதுச்சேரியில் லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளரும் இதைக் கண்டு வியந்திருக்கிறார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் கடல் தாண்டி வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்து ஏமாந்த அதே மனிதர். பேனா இல்லாமல், சோழியை நகர்த்தி இவர்கள் போடும் வேகத்தைப் பற்றி அவர் எழுதி வைத்திருக்கிறார்.

சேஷய்யா என்ன செய்திருப்பார் என்பதை நாமே போட்டுப் பார்க்கலாம். கலி தொடங்கி 1825 மே 31 வரை கழிந்த நாள் 17,99,312. அதில் வாக்கியக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கழிவு 16,00,984. கழித்தால் 1,98,328. இதில் 12,372 நாள் கொண்ட இன்னும் பெரிய சுற்று பதினாறு அடங்கும், மிச்சம் 376. 3,031-க்கு இடமில்லை. 248 ஒரு தடவை போகும், மிச்சம் 128. முடிந்தது. கலியுகம் முழுவதும் சுருங்கி 128-ஆவது வாக்கியத்தில் வந்து நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னால் எண் உதிரும். கழித்த ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய பாகையைக் கூட்டினால் அன்று விடியற்காலையில் நிலா நிற்கும் இடம். பதினெட்டு லட்சம் நாளை ஒரு பெருக்கல் வாய்ப்பாட்டின் பாரத்துக்குக் குறைத்த இந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

சூரியனுக்கும் ராகுவுக்கும் வேறு வாய்ப்பாடுகள், அவையும் மனப்பாடம். சேஷய்யாவின் விடையில் கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. துல்லியம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிரகணம் உண்டு என்றார், உண்டு.

வாரன் அவரைப் பற்றி எழுதிய குறிப்புதான் நம் கதையின் நடுப்புள்ளி. இந்த மனிதருக்கு இந்திய வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்கூட விளங்காது, ஆனால் அபார ஞாபகசக்தி, அதனால் கணக்கின் படிகளை மனசிலும் தரையிலும் ஒழுங்காக அடுக்க முடிகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். புரியாமலே கணக்குப் போடுகிறார் என்கிறார் வாரன்.

இந்த வாக்கியத்தை 1980-இல் ஒரு தத்துவப் பேராசிரியர் எழுதியிருந்தால் நம்பியிருப்போம். எழுதினார்தான். ஜான் சேர்ல் என்ற அமெரிக்கர். ஓர் அறைக்குள் சீன மொழி தெரியாத ஆள் ஒருவர். கையில் விதிப்புத்தகம். வெளியிலிருந்து சீன எழுத்தில் கேள்வி வரும். விதியைப் பார்த்து எழுத்துகளைத் தேடி அடுக்கி வெளியே தள்ளுவார். வாங்கிப் படிப்பவர் உள்ளே சீனம் தெரிந்தவர் இருப்பதாகவே நினைப்பார். உள்ளே இருப்பவருக்கோ ஒன்றும் தெரியாது. கணினியும் இப்படித்தான், விடை சொல்லும், புரிந்துகொள்ளாது என்பது சேர்லின் வாதம். தத்துவ உலகில் அதற்கு வந்த மறுப்புகளும் மறுப்புக்கு மறுப்புகளும் இன்னும் ஓயவில்லை.

கணிப்பு என்ற செயல் தத்துவத்துக்குள் ஒரு துறையாக வளர்ந்த கதை இதைச் சுற்றித்தான் நகர்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ், தர்க்கச் சண்டைகளைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம் என்று கனவு கண்டார். 1936-இல் ஆலன் டூரிங், கணிப்பு என்றால் என்ன என்று வரையறுக்கக் கட்டம் போட்ட தாளோடு உட்கார்ந்து விதிப்படி எழுதி அழிக்கும் ஒரு மனிதரைத்தான் கற்பனை செய்தார். அந்தக் காலத்தில் 'கம்ப்யூட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தமே கணக்குப் போடும் ஆள் என்பதுதான். இயந்திரம் சிந்திக்குமா என்று 1950-இல் டூரிங் கேட்டதும் 'மைண்ட்' என்ற தத்துவ இதழில்தான். 1980களில் அமெரிக்காவில் கணினியும் தத்துவமும் என்றே மாநாடுகள் தொடங்கின. இன்று கைபேசிக்குள் தமிழில் பதில் சொல்லும் மொழி மாதிரிகள் வந்தபின், டீக்கடை பெஞ்சிலும் அதே கேள்வி: இதுக்கு நாம சொல்றது புரியுதா, இல்ல சும்மா சொல்லுதா?

அந்தக் கேள்விக்குச் சோழி போட்ட தரையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரன் புரிதலை ஒரே தலைக்குள் தேடினார். அங்கே இல்லை என்றதும் எங்கும் இல்லை என்று முடிவு கட்டினார். ஆனால் 248 வாக்கியம் தானாக முளைத்ததா? ஒருவர் வானத்தைப் பார்த்தார், ஒருவர் அட்டவணை கட்டினார், ஒருவர் அதைச் சொல்லாக்கினார், ஒருவர் மனப்பாடம் செய்தார், ஒருவர் பிழை கண்டு திருத்தினார். இவர்களுக்குள் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கலாம். பதினாலாம் நூற்றாண்டில் கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவர், பழைய வாக்கியங்கள் கலையோடு நின்றுவிடுவது போதாதென்று கலையிலும் அறுபதில் ஒரு பங்கான விகலை வரைக்கும் நுணுக்கிப் புது வாக்கியங்கள் செய்தார். அந்த வழியில் வந்த பரமேசுவரர் ஐம்பது ஆண்டுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்து, 1431-இல் 'திருக்கணிதம்' என்ற நூலில் கணக்கைத் திருத்தினார். திருக் என்றால் கண். கண்ணில் படுவதோடு ஒத்துப்போகும் கணக்கு. நீலகண்ட சோமயாஜி ஒரு படி மேலே போனார். சாஸ்திரம் சொன்னதாலேயே கணக்கு சரியாகிவிடாது, அந்தந்தக் காலத்தார் பார்த்துச் சரிசெய்துகொண்டே போக வேண்டும் என்பதற்கென்றே 'ஜோதிர்மீமாம்சை' எழுதினார். தமிழ்நாட்டில் வாக்கிய முறைக்கு உரை எழுதிய சுந்தரராஜர், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நீலகண்டரிடம் தன் சந்தேகங்களைக் கேட்டு விடை பெற்றிருக்கிறார். புரிதல் இருந்த இடம் இதுதான். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவில்.

பெங்களூரில் விமானவியல் விஞ்ஞானியாக இருந்த ரொத்தம் நரசிம்மா, 2003-இல் எழுதிய கட்டுரையில் இந்த மரபுக்குத் தத்துவத்தில் ஒரு பெயரே வைத்தார். தமிழில் கணிப்புசார் நேர்க்காட்சிவாதம் என்று சொல்லலாம். ஐரோப்பா சில அடிப்படை உண்மைகளை வைத்துக்கொண்டு அதிலிருந்து உலகத்தை வருவிக்கப் பார்த்தது. இங்கே வழிமுறையைக் கட்டினார்கள், விடையைக் கண்ணுக்கு எதிரே வைத்துப் பார்த்தார்கள், பிசகினால் வழிமுறையை மாற்றினார்கள் என்பது அவர் வாதம். ஒரு பொறியாளர் இதைக் கண்டதில் ஆச்சரியமில்லை. தத்துவத் துறைகள் முன்பே கண்டிருக்க வேண்டும்.

ஆனால் சேஷய்யாவிடம் வந்த 52 நிமிடப் பிழையை மறைக்கக் கூடாது. அது வாரனுக்குப் பாதி சாதகம். சங்கிலி அறுந்துவிட்டதை அது காட்டுகிறது. கணிப்பவர் கையில் வாக்கியம் இருந்தது. திருத்துபவர் எவரும் பக்கத்தில் இல்லை. சோழிக்கு ஒரு குணம் உண்டு: அடுத்த படிக்கு நகர்த்தும்போது முந்தின படி அழிந்துவிடும். காகிதத்தில் போட்ட கணக்கைத் திரும்பிப் போய் எங்கே தப்பு என்று பார்க்கலாம். சோழியில் முடியாது. வேகம் கிடைத்தது, தடம் போய்விட்டது. தடம் இல்லாத கணக்கைத் திருத்த வேண்டுமென்றால் வானத்தோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. அதைச் செய்யும் ஆள் இல்லாமல் போனதுதான் துயரம். புஷ்கரத்தில் நாம் கண்ட ஏழு நாள் வித்தியாசமும் இந்த அறுந்த கயிற்றின் நீளம்தான். இன்றைய இயந்திரங்கள் சொல்லும் விடைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அதற்குள் புரிதல் இருக்கிறதா என்று துருவுவதைவிட, அதைத் திருத்த அதிகாரமும் பொறுமையும் உள்ளவர் யார் என்று கேட்பதே பயனுள்ள தத்துவம்.

எண்ணின் பயணம் புதுச்சேரியோடு நிற்கவில்லை. வாரனின் நூலை நூறு ஆண்டுக்குப் பிறகு ஓட்டோ நியூகெபவர் படித்தார். பாபிலோனியக் களிமண் பலகைகளைப் படித்துப் பழகிய கணித வரலாற்றாசிரியர். புதுச்சேரித் தரையில் 248-ஐப் பார்த்ததும் பழைய நண்பனைப் பார்த்தது போல இருந்திருக்க வேண்டும். 1952-இல் 'தமிழ் வானியல்' என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். விடை எத்தனை நிமிடம் பிசகியது என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. பாபிலோனியப் பலகைகளிலும் எகிப்திய ஏட்டிலும் வராகமிகிரரிடமும் கண்ட ஒரு மரபு, 1825-இல் ஒரு மனிதரின் வாயிலும் விரலிலும் உயிரோடிருந்ததே, அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

நம் ஊரில் இதைப் படிக்க வேண்டிய இடம் எது என்று யோசிக்கிறேன். அபிஷேகப்பட்டியில் 1990-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு மனோன்மணீயம் சுந்தரனார் பெயர். 'மனோன்மணீயம்' நாடகத்தால் அவரை அறிவோம். அவர் தொழிலால் தத்துவப் பேராசிரியர். இளமையில் நெல்லையில் கற்பித்தவர், கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானகுருவாகக் கொண்டவர், பிறகு திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர். அறிவுத்துறைகளை வகைதொகை செய்து 'நூற்றொகை விளக்கம்' என்றொரு நூலைத் தமிழில் எழுதியவர். எந்த அறிவு எந்த அறிவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று யோசித்தவர் பெயரில் உள்ள வளாகத்தில் கணினி அறிவியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மதியம் சோழியைக் கையில் கொடுத்து, 17,99,312-லிருந்து 128-க்கு வரச் சொல்ல வேண்டும். வழிமுறை என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாகச் சொல்லித்தர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு ஏடு வேண்டும். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் ஆசையோடு போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிப் போனவை போக, கல்லிடைக்குறிச்சியிலோ சேரன்மகாதேவியிலோ ஆழ்வார்குறிச்சியிலோ உங்கள் பூர்விக வீட்டுப் பரணில் ஒரு கட்டு கிடக்கலாம். தாத்தா பஞ்சாங்கம் பார்த்தவராக இருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். கிரந்த எழுத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சின்னச் சின்னத் தொடர்கள் வரிசையாக வந்தால், அர்த்தம் புரியவில்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் விட்டுவிடாதீர்கள். எத்தனை தொடர் என்று எண்ணுங்கள். 248 வந்தால், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ ஒரு கடிதம் போடுங்கள்.